கிரேன் வேலையில் விரல் நசுங்கினால்: சிங்கப்பூரில் ஊழியருக்கு உள்ள உரிமை

கேள்வி: துவாஸில் வொர்க் பெர்மிட்டில் வேலை செய்கிறேன். லாரி கிரேனில் இரும்புக் குழாய்களை ஏற்றியபோது ஸ்லிங் (சுமையைத் தூக்கக் கட்டும் வார்) இறுகி என் இடக்கை விரல்கள் இரண்டு நசுங்கின. அறுவை சிகிச்சை முடிந்தது. கையை வைத்தது என் தவறு என்பதால் இழப்பீடு கிடையாது என்கிறார் சூப்பர்வைசர். ஊருக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது நிறுவனம். என்ன செய்வது?

பதில்: சூப்பர்வைசர் சொல்வது சரியல்ல. 2019ஆம் ஆண்டின் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி, காயம் வேலையின்போது வேலையால் நேர்ந்ததா என்பது மட்டுமே பார்க்கப்படும். குடிபோதை, சண்டை போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, யாருடைய கவனக்குறைவு என்று பார்ப்பதில்லை.

முதலில் ஆவணங்களைச் சரிபாருங்கள். அறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லும்படி ஊழியரிடம் கேட்கும் முதலாளிகள் உண்டு. மருத்துவரின் முதல் குறிப்பில் விபத்து எங்கே, எப்படி நடந்தது என்பது உண்மையாகப் பதிவாகியிருப்பதைவிட வலுவான சான்று பின்னால் கிடைப்பது அரிது. ஒரு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) அல்லது லைட் டூட்டி (இலகுவான வேலை) கொடுக்கப்பட்டாலும் நிறுவனம் 10 நாட்களுக்குள் மனிதவள அமைச்சிடம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் நீங்களே தெரிவிக்கலாம். விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோரிக்கை பதிவாக வேண்டும்.

உங்களுக்குச் சேர வேண்டியவை மூன்று. முதலாவது எம்.சி. சம்பளம்: வெளிநோயாளியாக இருக்கும்போது 14 நாட்கள் வரையிலும், மருத்துவமனை விடுப்பில் 60 நாட்கள் வரையிலும் முழுமையாகவும், அதன்பின் விபத்து நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்காகவும் கிடைக்கும். இதை அடிப்படைச் சம்பளத்தை வைத்து மட்டும் கணக்கிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓவர்டைமும் சேர்ந்த மாதச் சராசரியே கணக்கு. இரண்டாவது மருத்துவச் செலவு: 2025 நவம்பர் 1 முதல் நேர்ந்த விபத்துகளுக்கு 53,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அல்லது ஓராண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை.

மூன்றாவது, நிரந்தர இயலாமைக்கான தொகை. விரல் துண்டானால்தான் இது கிடைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். விரல் மடங்காமல் விறைத்துப்போனாலும், பிடிமானம் குறைந்தாலும் மருத்துவர் அதற்குச் சதவீதம் குறிப்பார். சராசரிச் சம்பளம், வயது, சதவீதம் மூன்றையும் கொண்டு தொகை கணக்கிடப்படும். முழு இயலாமைக்கான குறைந்தபட்சம் இப்போது 116,000 வெள்ளி என்பதால், 10 சதவீத இயலாமைக்கு 11,600 வெள்ளிக்குக் குறையாது. மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையென்றால் அறிவிப்பு கிடைத்த 14 நாட்களுக்குள் ஆட்சேபிக்க வேண்டும்.

காயத்தின் நிலை தெளிவாகச் சில மாதங்கள் ஆகும் என்பதால், மதிப்பீட்டுக்கு முன் ஊருக்குப் போக அவசரப்படாதீர்கள். பெர்மிட் ரத்தானாலும் கோரிக்கை ரத்தாகாது. அமைச்சு ஸ்பெஷல் பாஸ் என்ற தற்காலிகத் தங்கும் அனுமதியை வழங்கும், கோரிக்கை முடியும்வரை தங்குமிடமும் உணவும் நிறுவனத்தின் பொறுப்பு. அந்தப் பாஸில் பொதுவாக வேலை செய்ய முடியாது என்பதே இதிலுள்ள பெரிய கஷ்டம். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நிறுவனத்தின் தவறு பெரிதென்று கருதினால் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். ஆனால் இரு வழிகளிலும் இழப்பீடு பெற முடியாது. அங்கே தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் கிரேன் விதிமுறைகள் தூக்குதல் திட்டம், லிஃப்டிங் சூப்பர்வைசர், ரிக்கர் (சுமையைக் கட்டுபவர்), சிக்னல்மேன் (சைகை கொடுப்பவர்) ஆகியவற்றைக் கேட்கின்றன. உங்கள் கை விலகுமுன் தூக்கச் சொல்லிச் சைகை கொடுத்தது யார், அவர் பயிற்சி பெற்றவரா என்பவை அப்போது முக்கியமாகும். விரல் காயத்துக்கு மேலே சொன்ன வேலையிடக் காய இழப்பீடே பெரும்பாலும் பாதுகாப்பான வழி என்பது என் கருத்து. அதற்கு வழக்கறிஞரும் தேவையில்லை.

புரியாத தாள் எதிலும் கையெழுத்திடாதீர்கள். வெளிநாட்டு ஊழியர் நிலையத்திலும் டி.டபிள்யூ.சி.2, ஹோம் ஆகிய தொண்டு அமைப்புகளிலும் உதவி கிடைக்கும், போகும்போது எம்.சி. தாள்கள், ஓராண்டுச் சம்பளச் சீட்டுகள், விபத்து இடத்தின் படங்கள், உடனிருந்தவர்களின் தொலைபேசி எண்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.