உதவி என்று போட்டதெல்லாம் உதவியா?

கேள்வி: மகளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றில் ஆண்டுச் செலவு 62,000 டாலர், நிதியுதவி 38,000. இன்னொன்றில் செலவு 45,000, உதவி 22,000. எப்படிப் பார்த்தாலும் கைக்காசு ஏறக்குறைய ஒன்றுதான். முதல் கல்லூரிக்குப் பெயர் அதிகம். போன வருடம் மனைவிக்கு வேலை போய்விட்டது. மே 1-க்குள் சொல்லியாக வேண்டும். முதலாவதையே எடுக்கலாமா? கடிதங்களின் நகல் இணைத்துள்ளேன்.
- ஒரு தந்தை, நியூஜெர்சி

பதில்: அவசரப்பட்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள். நகல்களை அனுப்பியது நல்லதாயிற்று.

முதல் கடிதத்தின் 38,000-ஐப் பிரித்துப் பாருங்கள். கல்லூரி தரும் கிராண்ட் 14,000. சும்மா கிடைத்து, திருப்பியும் தர வேண்டாத பணம் இது மட்டும்தான். அடுத்து வொர்க் ஸ்டடி 2,500. மகள் வேலை பார்த்தால் சம்பளமாக வரும், ஃபீஸ் கட்டும் நாளில் கையில் இருக்காது. பிறகு அரசின் மாணவர் கடன் 5,500. கடைசி வரியில் பேரண்ட் பிளஸ் 16,000. அது பெற்றோருக்கு அரசு தரும் கடன், உங்கள் பெயரில் ஏறும். அதையும் உதவிக் கணக்கில் கூட்டியிருக்கிறார்கள். வட்டிக்குக் கொடுத்தவரை யாராவது உபகாரி என்பார்களா?

இரண்டாவது கடிதத்தில் கிராண்ட் 16,500, மாணவர் கடன் 5,500, அவ்வளவுதான். ஆக உண்மையான செலவு முதலாவதில் 48,000, இரண்டாவதில் 28,500. வருடத்துக்கு 19,500 வித்தியாசம். அந்தப் பெயருக்கு இது ரொம்ப அதிகம் என்பேன்.

மாணவர் கடன் எடுப்பதில் தவறில்லை. பெற்றோர் ஆதரவில் படிப்பவர்களுக்கு முதலாண்டு உச்சவரம்பே அந்த 5,500தான். அதில் 3,500 வரை சப்சிடைஸ்டு கடனாகக் கிடைக்கலாம், படிக்கும் வரை அதன் வட்டி அரசின் பொறுப்பு. மீதிக்குப் பணம் வந்த நாள் முதல் வட்டி ஓடும். நான் பயப்படுவது பேரண்ட் பிளஸ்ஸைப் பார்த்துத்தான். உங்கள் சம்பளத்தில் அடைக்க முடியுமா என்று அதில் பார்ப்பதே இல்லை, கடன் வரலாறு மோசமாக இல்லாவிட்டால் போதும். நான்கு வருடத்துக்கு 64,000 ஆகிவிடும், வட்டி தனி.

சரி, மனைவியின் வேலை விஷயம். ஃபாஃப்சா, அதாவது அரசின் நிதியுதவி விண்ணப்பம், எடுத்துக்கொள்வது இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக் கணக்கை. அதில் அவர் சம்பளம் அப்படியே இருக்கும். இதைச் சொல்லி, வேலைநீக்கக் கடிதத்தோடு மறுபரிசீலனை கேளுங்கள். கேட்டால் கிடைத்தே தீரும் என்றில்லை, ஆனால் கணக்கை மாற்றும் அதிகாரம் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு உண்டு. இரண்டு கல்லூரிக்கும் இந்த வாரமே எழுதுங்கள். அப்புறம், கிராண்ட் நான்கு வருடமும் தொடருமா, அதற்கு எவ்வளவு ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.