தாமதமான அசைன்மென்ட்: பூஜ்யம் போட்டவரிடம் யார் பேசுவது?

அன்புள்ள அம்மா,

இருபது மதிப்பெண் அசைன்மென்டை உங்கள் மகன் இரண்டு நாள் கழித்துக் கொடுத்திருக்கிறான். ஆசிரியர் பூஜ்யம் போட்டுவிட்டார். "அவருக்கு என் பிள்ளை மேல் ஏதோ கோபம். துறைத் தலைவரிடம் நானே பேசட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பேச வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பூஜ்யம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பெரும்பாலும் அதில் கோபத்துக்கு வேலையே இருக்காது.

ஆலோசகராக உட்காருவதற்கு முன் சில ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் நான். ஒரே கேள்விக்கு அறுபது பேர் எழுதிய விடைகளை ஒரே மூச்சில் திருத்தினால்தான் அளவுகோல் மாறாமல் இருக்கும். முதல் பத்துத் தாள்களில் எந்தப் பிழைக்கு அரை மதிப்பெண் குறைத்தோம் என்பது அன்றைக்கு நினைவிருக்கும், நான்கு நாள் கழித்து இருக்காது. அதைவிடப் பெரிய சிக்கல், கெடு முடிந்த மறுநாளே பல ஆசிரியர்கள் விடையை வகுப்பில் விளக்கிவிடுவார்கள். அதன் பிறகு வரும் தாள் மாணவனுடைய சரக்கா, கரும்பலகையில் பார்த்ததா என்று யார் சொல்வது? ராத்திரி கண் விழித்து நேரத்துக்குக் கொடுத்த மற்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் சுண்ணாம்பு, தாமதமாக வந்தவன் கண்ணில் வெண்ணெய் என்று எந்த ஆசிரியரும் வைக்க முடியாது. ஆகவே உங்கள் மகனிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அவன் கொடுப்பதற்கு முன்பே விடை வகுப்பில் சொல்லப்பட்டுவிட்டதா? ஆம் என்றால் அந்தப் பூஜ்யத்தை மறந்துவிடலாம்.

எல்லா ஆசிரியர்களும் கதவை இப்படிச் சாத்துவதில்லை. நாளுக்கு 10 சதவீதம் குறைப்பது பரவலான வழக்கம். சிலர் பருவம் முழுவதற்கும் மூன்று அல்லது நான்கு 'சலுகை நாட்கள்' கொடுத்து, காரணமே சொல்லாமல் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்த முறை இது. மாணவன் பொய் சொல்ல வேண்டியதில்லை, ஆசிரியர் துப்பறிய வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகள் அந்த நாட்களை முதல் மாதத்திலேயே கரைத்துவிட்டு, கடைசித் திட்ட அறிக்கையின்போது கையைப் பிசைகிறார்கள். வேறு சிலர் மிகக் குறைந்த ஒரு மதிப்பெண்ணைக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுவதும் உண்டு.

இந்த விதிகளெல்லாம் பருவத்தின் முதல் வாரத்தில் கொடுக்கும் பாடக் குறிப்பில் அச்சிட்டிருக்கும். அதை ஒழுங்காகப் படித்த மாணவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். படிக்கும்போது சொற்களைக் கூர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இருபதுக்குப் பதினாறு பெறத்தக்க தாள் மூன்று நாள் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பெண்ணில் நாளுக்கு 10 சதவீதம் என்றால் ஆறு போய் 10 நிற்கும். பெற்ற மதிப்பெண்ணில் 10 சதவீதம் என்றால் 11.2 கிடைக்கும். ஒரு நிமிடம் தாண்டினாலே ஒரு நாளாக எண்ணுகிறார்களா, விடுமுறை நாட்களும் சேருமா என்பதும் அங்கேதான் இருக்கும்.

கெடு தாண்டிய பிள்ளைகள் செய்கிற பெரிய தவறு வேறொன்று. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று அப்படியே விட்டுவிடுவார்கள். அசைன்மென்டில் சாணுக்கும் முழத்துக்கும் வித்தியாசம் உண்டு. சம மதிப்புள்ள ஐந்து அசைன்மென்டுகளில் நான்கில் 90 வாங்கியவன் ஐந்தாவதைக் கொடுக்காமலே விட்டால் சராசரி 72. அரைகுறையாகக் கொடுத்து 50 வாங்கினாலும் 82. நூறுக்குப் பூஜ்யம் என்பது மற்ற தாள்களின் உழைப்பையும் தின்கிற எண். வெட்கப்பட்டுக்கொண்டாவது பாதித் தாளைக் கொடுப்பது எப்போதும் லாபம்.

இணையவழி ஒப்படைப்பில் இன்னொரு குழப்பம் இருக்கிறது. மூடில் போன்ற தளங்களில் கெடு நாள் ஒன்று, வாசலை மூடும் நாள் வேறொன்று. முதலாவது தாண்டினால் 'தாமதம்' என்று குறியிட்டு வாங்கிக்கொள்ளும், இரண்டாவது தாண்டினால் பதிவேற்றவே முடியாது. கேன்வாஸ் என்ற இன்னொரு தளத்தில் ஆசிரியர் முன்பே அமைத்து வைத்திருந்தால் மதிப்பெண்ணைத் தளமே குறைத்துவிடும், மனிதர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார். நீங்கள் கோபம் என்று நினைத்தது வெறும் அமைப்பாக இருக்கவும் வாய்ப்புண்டு.

இனி, ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது என்பது. இதைத்தான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கெடுவுக்கு முந்தின நாள் வரும் நான்கு வரிக்கு இருக்கும் மரியாதை, கெடு தாண்டி வரும் நான்கு பக்கத்துக்குக் கிடையாது. இரவு 11:52க்கு வரும் மின்னஞ்சலில் கணினி பழுதாகியிருக்கும், இணையம் அறுந்திருக்கும், போதாததற்குக் காய்ச்சலும் அடிக்கும். அவ்வளவும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் படிப்பவருக்கு அதைச் சரிபார்க்க வழியில்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது கடிதம் வந்த நேரம் மட்டும். ஒரு மாணவி எனக்கு எழுதியது இன்னும் நினைவிருக்கிறது, ஏறத்தாழ இப்படி:

"ஐயா, வெள்ளிக்கிழமை தர வேண்டிய அறிக்கையில் முதல் இரண்டு பகுதிகளை முடித்துவிட்டேன், இணைத்திருக்கிறேன். மூன்றாம் பகுதியின் கணக்கில் பிழை இருப்பதை இன்றுதான் கண்டேன். திங்கள் காலை 9 மணிக்குள் முழுவதையும் தர அனுமதி வேண்டுகிறேன். விதிப்படி மதிப்பெண் குறைத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்."

முடித்தது எது, முடியாதது எது, எப்போது வரும் என்பதெல்லாம் அதில் இருந்தன. புலம்பல் இல்லை. கேட்டபடி திங்கள் வரை நேரம் கொடுத்தேன், மதிப்பெண்ணும் குறைக்கவில்லை. நோய், குடும்பத்தில் இழப்பு என்றால் கதை வேறு. அதற்குச் சான்று பெற்று அலுவலகத்துக்குப் போகும் முறையான வழி இருக்கும். அங்கே தயங்க வேண்டியதில்லை.

தாமதம் என்றதும் எனக்கு அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் டான்ட்சிக் நினைவு வரும். 1939இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, பேராசிரியர் யெர்சி நெய்மனின் புள்ளியியல் வகுப்புக்குத் தாமதமாக வந்தார். பலகையில் இருந்த இரண்டு கணக்குகளை வீட்டுப்பாடம் என்று எண்ணிக் குறித்துக்கொண்டார். சில நாள் கழித்து, வழக்கத்தைவிடச் சற்றுக் கடினமாக இருந்ததால் தாமதமாகிவிட்டது, இன்னும் வேண்டுமா என்று மன்னிப்போடு கேட்டார். மேசை மேல் போட்டுவிட்டுப் போகச் சொன்னார் நெய்மன். ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை நெய்மனே வந்து கதவைத் தட்டினார். அவை வீட்டுப்பாடமே இல்லை, அதுவரை யாரும் நிறுவாதவை! இதை மகனிடம் சொல்லும்போது கவனம், தாமதத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வான். கணக்கை விட்டுவிடுங்கள், "இன்னும் வேண்டுமா" என்று போய்க் கேட்டாரே, அதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள்.

மகன் சோம்பேறி என்றும் முடிவு கட்டாதீர்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், பட்ட ஆய்வேடு எழுதிய உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாமே கோளாறானால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன கணக்கும் 49ஐத் தாண்டவில்லை. மூன்று நாள் வேலை என்று அவன் சொன்னால் ஐந்து நாள் ஒதுக்கச் சொல்லுங்கள்.

துறைத் தலைவர் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பேசினால் அவர் பணிவாகக் கேட்டுக்கொண்டு அதே ஆசிரியரிடம்தான் அனுப்புவார். மகன் பெயரில் நீங்கள் மின்னஞ்சல் எழுதினாலும் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும், எத்தனையோ பார்த்திருக்கிறேன். இன்னும் சில ஆண்டுகளில் வேலைக்கோ மேற்படிப்புக்கோ பரிந்துரைக் கடிதம் கேட்டு அவன் இதே மனிதரிடம் போய் நிற்கலாம். சொன்ன நேரத்தில் முடிப்பவனா என்று அப்போது கேட்பார்கள். தன் தவறைத் தானே வந்து பேசிய மாணவனைப் பற்றி எழுத ஆசிரியருக்கு ஏதாவது இருக்கும். அம்மா வந்து பேசிய மாணவனைப் பற்றி என்ன எழுதுவார்?

இந்த வாரமே, மாணவர்களைச் சந்திக்க ஆசிரியர் ஒதுக்கியிருக்கும் நேரத்தில், தாளையும் எடுத்துக்கொண்டு அவன் தனியாகப் போகட்டும். மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம். "மதிப்பெண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை ஐயா, இதை ஒரு முறை பார்த்து எங்கே தவறு என்று சொல்வீர்களா?" என்று கேட்கட்டும். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள். இல்லை, அவனையே எழுதச் சொல்லுங்கள்.