வலிக்காத மார்பகக் கட்டி: ஊசிக்குப் பயப்படலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது, இரண்டு குழந்தைகள். ஒரு மாதமாக இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வலி இல்லை. ஸ்கேன் எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் ஊசி மூலம் சதை எடுத்துப் பார்க்கலாம் என்கிறார் எங்கள் டாக்டர். "வலிக்கவில்லையே, விட்டுவிடு. ஊசி பட்டால் பரவிவிடும்" என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: டாக்டர் சொல்வதுதான் சரி.

முதலில் வலி. கட்டி எதுவும் இல்லாமல் மார்பு வலிப்பது பெரும்பாலும் மாதவிடாயை ஒட்டி வந்துபோகும் ஹார்மோன் சமாச்சாரம். புற்றுநோய்க் கட்டியோ ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. அதனால் வலி இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். அதற்காகப் பதறவும் வேண்டாம். உங்கள் வயதில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஃபைப்ரோஅடினோமா, நீர்க்கட்டி போன்ற சாதாரணக் கட்டிகள்தான். ஆனால் எது எந்த வகை என்பதை விரலால் மட்டும் முடிவு செய்ய முடியாது, எவ்வளவு அனுபவம் இருந்தாலும்.

டாக்டர் உங்களை உட்காரவைத்து, கைகளை இடுப்பில் ஊன்றி அழுத்தச் சொல்வார். பிறகு தலைக்கு மேல் தூக்கச் சொல்வார். சும்மா இருக்கும்போது தெரியாத தோல் குழி சிலருக்கு அப்போதுதான் தெரியும். அக்குளையும் காறை எலும்புக்கு மேலேயும் தொட்டுப் பார்ப்பார். காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா, அழுத்தாமலே ரத்தம் கசிகிறதா, ஒரு பக்கக் காம்பில் மட்டும் ஆறாத சொறி இருக்கிறதா என்றும் கேட்பார். இவற்றில் எது இருந்தாலும் அவரிடம் மறைக்காதீர்கள்.

அடுத்து ஸ்கேன். 40 வயதுக்குள் பொதுவாக அல்ட்ராசவுண்டில்தான் தொடங்குவோம். இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளைதான், பனிமூட்டத்தில் வெள்ளைப் பசுவைத் தேடுகிற கதை. ஸ்கேனில் சந்தேகம் வந்தால் வயது பார்க்காமல் மேமோகிராமும் எடுக்கத்தான் வேண்டும். ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ்' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 2 என்றால் சாதாரணக் கட்டி. 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்குள்; வழக்கமாக ஆறு மாதத்தில் திரும்பப் பார்ப்போம். 4, 5 என்றால் ஊசிப் பரிசோதனை கட்டாயம்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: கையில் கெட்டியான கட்டி தட்டுப்படும், ஸ்கேன் 'நார்மல்' என்று வரும், அத்தோடு விட்டுவிடுவார்கள். அப்படி விடக்கூடாது. கையும் படமும் ஒத்துப்போகாவிட்டால் சதை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஊசி பட்டால் பரவிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, சற்றுத் தடித்த ஊசியால் நூல் போன்ற சதைத் துண்டுகளை எடுப்பார்கள். அன்றே வீடு திரும்பலாம். புற்றுநோயாக இருந்தால், எந்த மருந்து கேட்கும் என்பதற்கான ஹார்மோன் ஏற்பி, ஹெர்-2 சோதனைகளையும் அதிலேயே செய்துவிடலாம். இதை விட்டுவிட்டு, முதலிலேயே கட்டியை வெட்டி எடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், ஊசிப் பரிசோதனை ஏன் வேண்டாம் என்று கேளுங்கள். பிறகு புற்றுநோய் என்று தெரிந்தால் இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படலாம். லேப் பேக்கேஜ்களில் வரும் 'சிஏ 15-3' ரத்தப் பரிசோதனையும் இதற்கு உதவாது.

அடுத்த மாதவிடாய் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே ஸ்கேன் எடுங்கள். பழைய ரிப்போர்ட் இருந்தால், படங்களோடு கொண்டுபோங்கள்.