மலை உச்சியில் சதுப்பு எப்படி உருவாகிறது? வட இங்கிலாந்தின் பிளீக்லோவில் நடப்பது ஏன் அவ்வளவு சிரமம்?

உயரத்தை நினைத்துப் பயப்பட ஒன்றுமில்லை. பீக் மாவட்டத்திலுள்ள பிளீக்லோ வெறும் 633 மீட்டர். சிக்கல் அதன் தலையில் இருக்கிறது. கூர்மையான சிகரம் கிடையாது, அகன்ற மேட்டுநிலம். பெய்யும் மழை சட்டென வடிவதில்லை, குளிரில் ஆவியாவதும் குறைவு. நீரில் ஊறிய மண்ணுக்குள் காற்று புகாததால் செத்த பாசியும் புல்லும் முழுதாக மட்குவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அப்படிப் படிந்ததுதான் பீட் எனும் கருமண்.

தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து மான்செஸ்டர் வட்டார ஆலைப்புகை, நீரைப் பிடித்துவைக்கும் ஸ்பாக்னம் பாசியை அழித்தது. காட்டுத்தீயும் மேய்ச்சலும் சேர்ந்துகொள்ள, மேல்போர்வை இழந்த பீட்டை மழைநீர் அறுத்து ஆள் மறையும் வாய்க்கால்களாக்கிவிட்டது. அவற்றில் இறங்கினால் சுற்றிலும் கருஞ்சுவர்தான். ஏறி இறங்கி நாலு திருப்பம் போனால் திசையே மறந்துவிடும். மூடுபனி நாளில் வரைபடமும் திசைகாட்டியும் இல்லாமல் போவது வீண் வீம்பு.

காலடிக்கு நிறத்தைப் பாருங்கள். பளிச்சென்ற பச்சைப் பாசியை நம்பவே கூடாது, முழங்கால்வரை உள்ளே இழுக்கும். வெண்பஞ்சாய் ஆடும் பருத்திப்புல் இருந்தால் அடியில் ஈரம் நிச்சயம். ஹீதர் புதர் அடர்ந்த இடம் ஓரளவு உறுதி. ஐயமிருந்தால் முதலில் ஊன்றுகோலால் குத்திப் பாருங்கள்.

1965இல் திறந்த பென்னைன் வே நடைபாதையும் இவ்வழியே போகிறது. அதன் சதுப்பான பகுதிகளில் கல் பாவியிருக்கிறார்கள். அவற்றில் பல, மூடப்பட்ட பஞ்சாலைகளின் தரைக்கற்கள். பாசியைக் கொன்றதற்கு ஆலைகள் கட்டிய அபராதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஈரத்தில் அவை நன்றாகவே வழுக்கும்.