மிளகாய் நனைந்த மத்தியானம்

மேடம்,

நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில், கண்காட்சிக் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஊர் மதுராந்தகம் பக்கம். மிளகாய்த்தூள், சாம்பார்ப் பொடி, வடகம் போடும் சுய உதவிக் குழு எங்களுடையது. பெயர்தான் 12 பேர். மிளகாய் வாங்குவது, மில்லுக்குப் போவது, பேங்க் எல்லாம் நான். தவணைத் தேதி வந்தால் வீடு வீடாகப் போய் நிற்பதும் நான்தான். கணக்கு நோட்டை ஒருத்தியிடம் கொடுத்தேன், கூட்டலில் தப்புப் போட்டாள், திரும்ப வாங்கிக்கொண்டேன். சரக்கு வாங்கிய சைதாப்பேட்டைக் கடைக்காரர் பணம் கேட்டால் மூன்று மாதமாக ‘அடுத்த வாரம்’ என்கிறார். வீட்டுக்காரர் எல்லார் முன்னாலும், ‘மாசம் என்ன நின்னுது, சொல்லு’ என்கிறார். இரண்டு மூட்டையோடு கிளாம்பாக்கத்தில் பஸ் மாறி வந்தேன், கூட வர ஒருத்தி இல்லை. போன மாதம் வாசலில் காயப்போட்ட 20 கிலோ மிளகாய் மழையில் நனைந்தது, திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், என்னவோ நிம்மதியாகக்கூட இருந்தது, அதுவும் நஷ்டம். பங்கு பிரிக்கும்போது மட்டும் எல்லாரும் முதலில் வருகிறார்கள். இவர்களை வேலை செய்ய வைக்க வழி சொல்லுங்கள்.

அன்புச் சகோதரிக்கு,

கடைக்காரர், கணவர், குழுப் பெண்கள் எல்லாரும் கொஞ்சம் காத்திருக்கட்டும். மிளகாய் நனைந்ததை நஷ்டக் கணக்கில் சேர்த்துவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அந்தத் திண்ணையிலேயே நின்றுவிட்டேன்.

ஒரு கூட்டல் தப்பைப் பொறுக்காதவர், 20 கிலோ நனைவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். இது சோம்பல் இல்லை. மிளகாய் போனால் அரைக்க வேண்டாம், பாக்கெட் போட வேண்டாம், பாக்கிக்கு நடக்க வேண்டாம். ஓய்வு கேட்க வாய் வராத உங்களுக்கு மழை லீவு கொடுத்திருக்கிறது. தூக்கம் வருகிறதா? சாப்பாடு ருசிக்கிறதா? எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதுவரை 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

அப்புறம், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு தப்புக்கு நோட்டைப் பிடுங்கிக்கொண்டவர் நீங்கள். வீடு வீடாகப் போய் நிற்பதைச் சொல்லும்போது அலுப்போடு கொஞ்சம் பெருமையும் தெரிகிறது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவைத் திறக்க ஆளில்லையே என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? குழுவை முன்நின்று நடத்தும் ஊக்குநர் பொறுப்பு கைமாற வேண்டியதுதான்.

கணவர் அதை நாலு பேர் முன்னால் கேட்டது தப்பு. கேள்வி தப்பில்லை. மில்லுக்கும் பேங்குக்கும் அலைந்த நாளுக்கு உங்கள் கூலி அந்த நோட்டில் ஏறியிருக்கிறதா? ஏறாதவரை அவருக்கும் பதில் கிடையாது, உங்களுக்கும் கிடையாது.

கடைக்காரர் விஷயம் சின்னது. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான ‘உதயம்’ பதிவைக் குழு செய்திருந்தால், சரக்கை ஏற்றுக்கொண்டவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டம். அவரிடம் அதைச் சொல்லுங்கள்.

இன்றைக்குச் செய்ய ஒன்று இருக்கிறது. கண்காட்சி முடிகிற அன்று மூட்டை தூக்க வரச்சொல்லி, அந்தக் கூட்டல் தப்புப் போட்டவளுக்கே போன் போடுங்கள். லேட்டாக வந்தால் திட்டாதீர்கள்.