எந்த ஆஸ்பத்திரியில் சாவு குறைவு?

கேள்வி: ஒரே மாதிரி படுகாயம். ஒரு பகுதியில் பிழைக்கிறார்கள், இன்னொரு பகுதியில் இறந்துபோகிறார்கள். டாக்டர்களின் திறமைதானே காரணம்? ஆஸ்பத்திரி வாரியாக இறப்புக் கணக்கை வெளியிட்டால் குட்டு உடைந்துவிடாதா?

பதில்: உடையாது. பல இடங்களில் குட்டு இன்னும் நன்றாக மறைந்துகொள்ளும்.

1998இல் வெளியான ஓர் ஆய்வு மூன்று நகரங்களில் படுகாயம் அடைந்தவர்களை ஒப்பிட்டது. அமெரிக்காவின் சியாட்டிலில் 100க்கு 35 பேர் இறந்தார்கள், மெக்சிகோவின் மான்டெரேயில் 55, கானாவின் குமாசியில் 63. இதில் ஆஸ்பத்திரி வந்து சேருமுன்பே இறந்தவர்கள் சியாட்டிலில் 21 பேர், குமாசியில் 51 பேர். இப்போது நீங்கள் கேட்கும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சியாட்டிலில் உயிரோடு வந்து சேர்ந்த 79 பேரில் 14 பேர் சாவு, குமாசியில் 49 பேரில் 12 பேர். அதாவது நூற்றுக்கு 18, நூற்றுக்கு 24. மொத்தத்தில் 28 பேராக இருந்த இடைவெளி ஆறு, ஏழாகச் சுருங்கிவிட்டது. வழியிலேயே இறந்தவர்கள் எந்த ஆஸ்பத்திரியின் ஏட்டிலும் இல்லை. ஆம்புலன்ஸ் எவ்வளவு மோசமோ, ஆஸ்பத்திரிக் கணக்கு அவ்வளவு அழகாகத் தெரியும்!

சரி, அப்படியானால் ஆஸ்பத்திரிக்குள் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. ஆனால் காயத்தின் தீவிரத்தை மதிப்பெண் போட்டு, சமமானவர்களைச் சமமானவர்களோடு ஒப்பிட்டால்தான் அது தெரியும். உயிருக்கு ஆபத்தான, ஆனால் காப்பாற்றக்கூடிய காயம் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட இன்னோர் ஒப்பீட்டில், கானாவின் கிராமப்புற ஆஸ்பத்திரியில் 36 சதவீதம் பேர் இறந்தார்கள், சியாட்டிலில் 6 சதவீதம். அந்த ஆறு மடங்கை டாக்டரின் கைராசி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ராத்திரி 2 மணிக்கு ரத்தம் கிடைக்குமா, மயக்க மருந்து கொடுக்க ஆள் உண்டா, ஸ்கேன் வேலை செய்கிறதா என்பதெல்லாம் ஒரு தனி மனிதரின் திறமையில் அடங்காது.

பணக்கார நாட்டுக்குள்ளும் இதே கதைதான். 2006இல் வந்த அமெரிக்க ஆய்வில், முதல் நிலை (அதாவது மிக உயர்ந்த நிலை) விபத்து சிகிச்சை மையங்களுக்குப் போனவர்களுக்குச் சாவு அபாயம், அப்படிப்பட்ட மையம் அல்லாத ஆஸ்பத்திரிகளைவிட 25 சதவீதம் குறைவு. இங்கிலாந்து 2012இல் வட்டாரவாரியாக விபத்து சிகிச்சை வலையமைப்பு ஏற்படுத்தி, பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டியாவது சரியான மையத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது.

ட்ரானெக்ஸாமிக் அமிலம் என்று ஒரு மலிவான மருந்து. ரத்தப்போக்கு உள்ளவர்களுக்குக் கொடுத்தால் சாவு குறைகிறது என்று 40 நாடுகளில் 20,000 பேருக்கு மேல் சோதித்து 2010இல் காட்டினார்கள். ஆனால் 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்; தாண்டிவிட்டால் தீங்கே செய்யலாம். முதலில் ஓர் ஆஸ்பத்திரி, அங்கே சீட்டு எழுதி இரண்டாவது, அப்புறம் மூன்றாவது என்று அலையும் பகுதியில் மருந்து கையிலிருந்தும் நேரம் போய்விடுகிறது. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆகவே இறப்புக் கணக்கைக் கேளுங்கள், ஆனால் ஆஸ்பத்திரி வாரியாகக் கேட்காமல் பகுதி வாரியாகக் கேளுங்கள். சம்பவ இடத்திலும் வழியிலும் இறந்தவர்கள் அதில் இருக்க வேண்டும். காயத்தின் தீவிரம், முதல் சிகிச்சைக்கு ஆன நேரம், எத்தனை ஆஸ்பத்திரி மாற்றினார்கள் என்பதும் வேண்டும். பிழைத்தவர் ஆறு மாதம் கழித்து எழுந்து நடந்தாரா, வேலைக்குத் திரும்பினாரா என்பதையும் விட்டுவிடாமல் கேளுங்கள்.