51 பெகாசி தரவுக்கு 12,000 ரூபாயா?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 51 பெகாசி என்ற விண்மீனின் தள்ளாட்டத்திலிருந்து அதன் கோளைக் கண்டறிவது என் புராஜெக்ட். ஒரு புராஜெக்ட் சென்டரில் தரவு, புரோகிராம், அறிக்கை எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் கேட்கிறார்கள். வாங்கலாமா? கோளின் நிறையை நானே கணக்கிட முடியுமா?

பதில்: வாங்காதீர்கள். அவர்கள் விற்கும் தரவு நாசாவின் எக்ஸோபிளானட் ஆர்க்கைவ் என்ற வெளிக்கோள் தரவுத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கணக்குப் போட ராட்வெல் என்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது, அதற்கும் காசில்லை. பைண்டிங்கில் தங்க எழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற துறைகள், தரவு எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டால் இந்த வியாபாரமே படுத்துவிடும். கேட்பதில்லை.

நிறையை நீங்களே கணக்கிடலாம். கோள் இழுக்கும்போது விண்மீனும் சிறு வட்டம் போடுகிறது. அது நம்மை நோக்கி வரும்போது, அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும் விலகும்போது சிவப்புப் பக்கமும் நகரும். 51 பெகாசியில் இந்த ஆட்டம் வினாடிக்குச் சுமார் 56 மீட்டர், 4.23 நாளுக்கு ஒரு சுற்று. 1995இல் சுவிட்சர்லாந்து வானியலாளர்கள் மேயரும் கெலோவும் பிரான்சின் ஓட்-புரோவான்ஸ் ஆய்வகத்தில் பிடித்தது இதைத்தான். நம் வியாழன் சூரியனை 12 ஆண்டுக்கு ஒரு சுற்றில், வினாடிக்கு 12.5 மீட்டர்தான் ஆட்டுகிறது. சுற்றுக்காலம், வேக வீச்சு, விண்மீனின் நிறை மூன்றையும் சூத்திரத்தில் போட்டால், வியாழனின் பாதிக்குச் சற்றுக் குறைவாக விடை வரும்.

இங்கேதான் சறுக்குவார்கள். அது கோளின் நிறை அல்ல, குறைந்தபட்ச நிறை. நம்மை நோக்கி வருவதும் விலகுவதும் மட்டுமே அளவில் தெரியும்; சுற்றுப்பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று இந்த முறைக்குத் தெரியாது. எச்டி 114762 என்ற விண்மீனைச் சுற்றும் ஒரு பொருளை 1989இல் அறிவித்தார்கள். குறைந்தபட்ச நிறை வியாழனைப் போல 11 மடங்கு. கோளாக இருக்கலாம் என்ற பேச்சு பல ஆண்டு ஓடியது. பிறகு, விண்மீன்களின் இடத்தைத் துல்லியமாக அளக்கும் கையா விண்கலத்தின் அளவீடுகள் வந்தன. பாதையை நாம் ஏறக்குறைய நேர் மேலிருந்து பார்க்கிறோம், அந்தப் பொருள் ஒரு சிறிய விண்மீன் என்று தெரிந்தது.

விதிவிலக்கு ஒன்று உண்டு: கோள் தன் விண்மீனின் முகத்துக்கு நேராகக் குறுக்கே கடந்தால். 1999இல் எச்டி 209458இல் அப்படிப் பார்த்தார்கள். கடந்து போகிறது என்றாலே பாதை நமக்குப் பக்கவாட்டில் இருக்கிறது, சாய்வு கிட்டத்தட்ட 90 டிகிரி. அப்போது குறைந்தபட்ச நிறைக்கும் உண்மை நிறைக்கும் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ‘அப்போ என் கோளுக்கும் அப்படித்தானே’ என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது எழுதுகிறார்கள். இல்லை. 51 பெகாசியின் கோள் குறுக்கே கடப்பதாகத் தெரியவில்லை. சென்டர்காரர் 90 டிகிரி போட்டுத் தந்தால் அதை அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம், எந்தச் சுற்றுக்காலத்தில் ஆட்டம் வலுவாக இருக்கிறது என்று காட்டும் வரைபடத்தில் உயரமாகத் தெரிகிற முகட்டை எல்லாம் கோள் என்று எழுதிவிடாதீர்கள். எச்டி 166435இல் 3.8 நாள் துடிப்பு கோள் போலவே இருந்தது. ஆராய்ந்தால் விண்மீன் மேலிருந்த கரும்புள்ளிகள், 2001இல் தெளிவானது. அளக்கும் வேகத்தில் பூமியின் ஓட்டமும் கலந்துவிடும், அது வினாடிக்கு 30 கிலோமீட்டர். வெளியிட்ட தரவில் அதைப் பெரும்பாலும் கழித்திருப்பார்கள், நீங்கள் இன்னொரு முறை கழிக்க வேண்டாம்.

அறிக்கையில் 0.47 வியாழ நிறை என்று எழுதும் இடத்தில் ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள். வைவாவில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும், கேட்கிறவர் அறிக்கையைப் படித்திருந்தால்.